மலை ஏறுற வண்டி மனுஷனைக் காப்பாத்துமா?

1/
போன வாரம் ஓபி முடியுற நேரம். அடையாறுலேர்ந்து ரெகுலரா வர்றவர், பி.பி. மாத்திரை எழுதி வாங்கினதும் போனை நீட்டினார். பெரிய பிக்கப் வண்டி ஒண்ணோட படம்.

"டாக்டர், 2015 வெள்ளத்துல ஒரு கார் போச்சு, மிக்ஜாம்ல இன்னொண்ணு. இதை எடுத்துடலாம்னு இருக்கேன். தண்ணியிலயும் போகும், எதுல இடிச்சாலும் உள்ள இருக்கறவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. சரிதானே?"

முதல் பாதி ஓரளவு சரி. இரண்டாம் பாதிக்குப் பதில் சொல்ல கொஞ்சம் வரலாறு வேணும்.

2/
"கனமான இரும்பு வண்டின்னா பாதுகாப்பு" என்ற நம்பிக்கை நமக்கு ஜீப்பிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போருக்காகச் செய்த விலீஸ் ஜீப்பை 1940களின் கடைசியில் மஹிந்திரா இங்கே கொண்டுவந்தது. ஏணி மாதிரி ஒரு இரும்புச் சட்டம், அதன் மேல் பாடி. நான்கு சக்கரமும் இழுக்கும், சேற்றிலும் மலையிலும் ஏறும். ஆனால் மேலே கான்வாஸ் கூரை. சீட் பெல்ட் கிடையாது. போர்க்களத்துக்குப் போய்ச் சேருவதுதான் அதன் வேலை, மோதலில் ஆளைக் காப்பது இல்லை.

3/
அடுத்து பிக்கப். 1988-ல் டாடாமொபைல் வந்தது. அந்தக் குடும்பத்திலிருந்தே 1991-ல் சியரா, 1994-ல் சுமோ. அதாவது, நாம் குடும்பத்தோடு திருப்பதி போன வண்டிக்கு அடியில் இருந்தது சரக்கு வண்டியின் எலும்புக்கூடு! இன்று இங்கே விற்கும் இசுசு வி-கிராஸ் (2016), டொயோட்டா ஹைலக்ஸ் (2022) இரண்டும் அதே ஏணிச் சட்டம்தான். நீளம் கிட்டத்தட்ட 5.3 மீட்டர். மயிலாப்பூர் மாட வீதியில் திருப்பிப் பாருங்க, தெரியும்.

4/
இப்போ என் துறைக்கு வர்றேன்.

ஹவுஸ் சர்ஜனா இருந்த காலத்தில் ஒரு ராத்திரி விபத்து கேஸ். "வண்டிக்கு பெருசா ஒண்ணும் ஆகலை டாக்டர், பம்பர்தான் வளைஞ்சிருக்கு" என்று கூட வந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அவரை எங்களால் காப்பாற்ற முடியவில்லை. வெளியே பெரிய காயமே இல்லை. நெஞ்சுக்குள் மகாதமனி கிழிந்திருந்தது.

வண்டிக்கு ஒண்ணும் ஆகலைங்கறது நல்ல செய்தி இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

5/
ஒரு விபத்தில் மூன்று மோதல் நடக்கும். வண்டி சுவரில் மோதும். உடம்பு வண்டிக்குள் மோதும். உடம்பு நின்ற பிறகும் இதயம், மூளை, கல்லீரல் எல்லாம் உள்ளே முன்னோக்கி ஓடும்.

64 கி.மீ. வேகம் என்பது 16 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஐந்து மாடி மேலிருந்து, விழுவதற்குச் சமம். அந்த வேகம் 30 செ.மீ. தூரத்தில் நின்றால் உடம்பு தாங்க வேண்டியது புவியீர்ப்பைப் போல சுமார் 54 மடங்கு. 60 செ.மீ.யில் நின்றால் 27 மடங்கு. முன்பக்கம் நசுங்கினால்தான் இந்தக் கூடுதல் தூரம் கிடைக்கும்.

6/
இதைக் கண்டுபிடித்தவர் பெலா பாரென்யி என்ற பென்ஸ் பொறியாளர். முன்னும் பின்னும் நசுங்கணும், நடுவில் ஆள் இருக்கும் கூடு நசுங்கக் கூடாது. 1950களின் தொடக்கத்தில் காப்புரிமை, 1959-ல் கார். அதே 1959-ல் வால்வோவின் நில்ஸ் போலின் மூன்று முனை சீட் பெல்ட்டைக் கொடுத்தார்.

நமக்கு அது வந்து சேர ரொம்ப லேட்.

7/
2014-ல் குளோபல் என்கேப் அமைப்பு ஐந்து இந்திய சின்ன கார்களை மோதிப் பார்த்தது. ஐந்துக்கும் பூஜ்ஜியம். "சின்ன கார்தானே" என்றோம். 2016-ல் ஏர்பேக் இல்லாத ஸ்கார்பியோவை மோதினார்கள். ஏணிச் சட்டம், உயரம், கனம் எல்லாம் இருந்தது. அதுக்கும் பூஜ்ஜியம்!

2022-ல் ஸ்கார்பியோ-என் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. அதுவும் ஏணிச் சட்ட வண்டிதான். ஆக, சட்டத்தின் மேல் குற்றமில்லை. எங்கே நசுங்கணும், எங்கே நசுங்கக் கூடாது என்று யோசித்துச் செய்தார்களா என்பதே கேள்வி. 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் என்று நமக்கே சொந்தச் சோதனை வந்துவிட்டது.

8/
உயரத்துக்கும் ஒரு விலை உண்டு. 2016-ல் ஒரு ஸ்வீடன் பத்திரிகை, திடீரென்று குறுக்கே மான் வந்தால் ஒடித்துத் திருப்புவது போல ஹைலக்ஸை ஓட்டிப் பார்த்தது. வண்டி இரண்டு சக்கரத்தில் நின்றது. அடுத்த வருஷம் கம்பெனி சரிசெய்து, அதே சோதனையில் பாஸ் ஆனது. பள்ளத்தில் உதவும் உயரம், ஈ.சி.ஆர். வேகத்தில் எதிரியாகலாம்.

9/
வெளியே நடக்கிறவர்களையும் நினைங்க. முகப்பு 40 அங்குலத்துக்கு மேல் உயரமான வண்டி மோதினால், தாழ்வான சரிவு முகப்புள்ள வண்டியைவிட, பாதசாரி இறக்கும் வாய்ப்பு சுமார் 45% அதிகம் என்று 2023-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. கார் காலில் அடிக்கும். இது நெஞ்சில் அடிக்கும். குழந்தை என்றால் தலையில். உஸ்மான் ரோட்டில் சாயங்காலம் எத்தனை பேர் ரோட்டில் இறங்கி நடக்கிறார்கள்?

10/
அவரிடம் நான் சொன்னது இவ்வளவுதான்:

• நட்சத்திரம் பார்த்து வாங்குங்க. அதே பெயரில் வெளிநாட்டில் விற்கும் மாடலோடது இல்லை, இங்கே விற்கும் மாடலோடது.
• முன்னாடி புல் பார் மாட்டாதீங்க. 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு கூடாதுன்னு சொல்லிடுச்சு. ஏர்பேக் விரியும் நேரத்தைக் கெடுக்கும், நடக்கிறவரைக் கொல்லும்.
• பின் சீட்டிலும் பெல்ட். 2022 செப்டம்பரில் சைரஸ் மிஸ்திரி போனது விலை உயர்ந்த, ஏர்பேக் உள்ள காரில். பின் சீட்டில் இருந்தார், பெல்ட் போடவில்லை.

11/
"அப்போ வாங்கலாமா வேண்டாமா டாக்டர்?" என்றார்.

"வாங்குங்க சார். ஆனா வீட்டு வாசல்ல தண்ணி நிக்கறது வருஷத்துல நாலு நாள். மீதி நாளெல்லாம் பின் சீட்ல யார் உட்கார்றா?"

"அம்மாவும் பேத்தியும்."

"பெல்ட் போடுவாங்களா?"

பதில் வரலை. இன்னிக்கு நீங்க வண்டி எடுக்கும்போது ஒரு தடவை பின்னாடி திரும்பிப் பாருங்க.