காணாப் பொருளும் கண்ட படிகமும்

நொதி என்னும் பெயர் வழங்கிற்று. பொருளைக் கண்டார் எவருமிலர். தூய்மையாக்கிய கரைசலில் வினை உண்டு, புரதத்தின் சுவடு இல்லை. ஆகவே நொதி புரதமன்று என்றார் செருமானியர் வில்ஸ்டேட்டர். 1915இல் நோபெல் பரிசு பெற்றவர் சொல்லை மறுப்பார் யார்?

மறுத்தவர் அமெரிக்கர் சம்னர். இளமையிலேயே ஒரு கையை இழந்தவர். 1917 முதல் வாளவரை விதையில், யூரியாவைச் சிதைக்கும் யூரியேசைத் தேடினார். 1926இல் அசிட்டோன் கலந்த சாற்றைக் குளிரில் வைத்தார். சிறு படிகங்கள் தோன்றின. அவை புரதமே, வினையும் அவற்றில் மிகுந்திருந்தது. அப்புரதம் நொதிக்கு வெறும் சுமைதாங்கி என்றனர் வில்ஸ்டேட்டர் வழியினர். 1930இல் நார்த்ராப் பெப்சினைப் படிகமாக்கினார். மீண்டும் மீண்டும் கரைத்துப் படிகமாக்கியும் வினை புரதத்தை விட்டுப் பிரியவில்லை. வில்ஸ்டேட்டரின் கரைசலிலும் புரதம் இருந்தது. அக்காலச் சோதனைக்கு எட்டாத சிற்றளவு. சோதனையின் எல்லையைப் பொருளின் எல்லையாகக் கொண்டுவிட்டார் அப்பேரறிஞர்.

சம்னருக்கு 1946இல் நோபெல் பரிசில் பாதி கிடைத்தது. வில்ஸ்டேட்டர் 1942இலேயே மறைந்துவிட்டார்.