காய்ச்சல் குறைஞ்சதா... கணக்கு குறைஞ்சதா? கொரோனாவுக்குப் பின்னால் மறைந்த நோய்கள்!

2020 ஏப்ரல், மே மாதங்களைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. வீட்டுல யாருக்காவது இருமல் வந்தா என்ன செஞ்சோம்? ஜன்னலைச் சாத்திட்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்காம இருமினவங்கதான் அதிகம். 'ஆஸ்பத்திரிக்குப் போனா வாசல்ல தகரம் அடிச்சுடுவாங்க' என்ற பயம் அப்படி!

பயத்தை மீறிக் கிளம்பினாலும் போக வழியில்லை. மார்ச் 24 மாலை ஊரடங்கு தொடங்கியதும் ஸ்ரீரங்கத்துக்காரர்களின் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸும் நின்னுபோச்சு. காவிரிப் பாலம் தாண்டி புத்தூர் அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தாலும், அங்கே முதல் கவனம் கொரோனாவுக்கு. அந்த மாதங்களில் மற்ற தொற்றுநோய்கள் எங்கே போயின?

எண்கள் சொல்வது என்ன?

தமிழகத்தில் 2019-ல் பதிவான டெங்கு பாதிப்பு 8,527. 2020-ல் அது 2,410. அடுத்த வருஷமே 6,039 ஆக ஏறிவிட்டது. காசநோயிலும் சரிவுதான். இந்தியா முழுக்க 2019-ல் சுமார் 24 லட்சம் பேர் பதிவானார்கள். 2020-ல் சுமார் 18 லட்சம் பேர்தான். 'நல்ல விஷயம்தானே'னு தோணும். ஆனா, பதிவானவர்கள் குறைஞ்சாங்கன்னா, நோயாளிகள் குறைஞ்சாங்கன்னு அர்த்தமில்லை.

ஒரு காய்ச்சல் கணக்கில் ஏறுவது எப்படி?

காய்ச்சல் வந்தவர் மருத்துவரிடம் போக வேண்டும். மருத்துவர் சந்தேகப்பட்டுப் பரிசோதனைக்கு எழுத வேண்டும். ஆய்வகம் உறுதி செய்ய வேண்டும். பிறகு அந்தத் தகவல் அரசின் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்துக்குப் போக வேண்டும். 2004-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் சுகாதாரப் பணியாளர், மருத்துவர், ஆய்வகம் என மூன்று தரப்பும் தனித்தனியாகத் தகவல் கொடுப்பார்கள். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் நோய் கணக்கில் வராது. கொரோனா காலத்தில் ஒரே சமயத்தில் பல கண்ணிகள் விட்டுப்போயின.

* மக்கள் பயத்தில் வீட்டிலேயே இருந்தார்கள். பல சின்ன கிளினிக்குகளும் மூடியிருந்தன.

* வீடு வீடாகப் போய் கொசுப்புழு தேடியவர்கள், சளி மாதிரி சேகரித்தவர்கள் எல்லாம் கொரோனா பணிக்கு மாற்றப்பட்டார்கள்.

* காசநோயைக் கண்டுபிடிக்கும் சிபிநாட், ட்ரூநாட் கருவிகள் கொரோனா பரிசோதனைக்கும் பயன்பட்டன.

* காய்ச்சல், இருமல் என்றாலே கொரோனா டெஸ்ட். 'நெகட்டிவ்' வந்தால் நிம்மதி. 'அப்போ இது என்ன காய்ச்சல்?' என்ற அடுத்த கேள்வியைப் பலரும் கேட்கவில்லை.

நிஜமாவே குறைஞ்சதும் உண்டு!

மாஸ்க், கைகழுவுதல், கூட்டம் இல்லாதது... இவை மற்ற கிருமிகளையும் தடுத்தன. மார்ச்சில் மூடிய ரங்கநாதர் கோயில், செப்டம்பர் 1-ல்தான் பக்தர்களுக்குத் திறந்தது. அந்த டிசம்பரில் வைகுண்ட ஏகாதசியே கட்டுப்பாடுகளோடுதான் நடந்தது. கூட்டமில்லாத ஊரில் சளிக்காய்ச்சல் பரவ வழி குறைவு. உலக அளவில் 'பி யமகட்டா' என்ற ஃப்ளூ வைரஸ் வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உறுதியாகக் கண்டறியப்படவே இல்லை. அதனால்தான் 2020-ன் எண்களைப் படிப்பது சிக்கல். அதில் உண்மையான குறைவும் விடுபட்ட நோயாளிகளும் கலந்தே இருக்கிறார்கள்.

விட்டுப்போனால் என்ன ஆகும்?

டெங்கு சில நாள்களில் முடிவு தெரியும் நோய். காசநோய் அப்படியில்லை. சிகிச்சை எடுக்காத ஒருவரிடமிருந்து, நெருங்கிப் பழகும் 15 பேர் வரைக்கும் ஒரு வருஷத்தில் தொற்றலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஜன்னலைச் சாத்திட்டு இருமின அந்த வீட்டில், முதல்ல மாட்டுவது தாத்தா பாட்டியும் குழந்தைகளும்தான். பல வருஷமாகக் குறைந்துவந்த உலகக் காசநோய் மரணங்கள், 2020-ல் மறுபடி உயர்ந்தன. இந்தியாவின் பதிவு எண்ணிக்கை பழையபடி 24 லட்சத்தைத் தொட 2022 வரை ஆனது.

நீங்க செய்ய வேண்டியது என்ன?

* இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம்.

* காசநோயைப் பதிவு செய்வது 2012 முதல் தனியார் மருத்துவர்களுக்கும் கட்டாயம். 'என் பேரு பதிவாயிடுச்சா டாக்டர்?'னு தயங்காமக் கேளுங்க. பதிவானால்தான் சிகிச்சைக் காலத்தில் மாதாமாதம் ஊட்டச்சத்து உதவித்தொகை கிடைக்கும். 500 ரூபாயாக இருந்தது, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய்.

* ஒரு டெஸ்ட் 'நெகட்டிவ்' வந்தும் காய்ச்சல் விடலைன்னா, டெங்கு, டைஃபாய்டு, எலிக்காய்ச்சல் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்க.

* எங்கே போவது என்று தெரியவில்லையா? 104-ஐ அழையுங்கள்.

அடுத்த பெருந்தொற்று எப்போ வந்தாலும், இருமலை மறைக்காதீங்க. கணக்கில் வராத நோயாளிக்கு மாத்திரையும் வராது!