இயக்கி எங்கே அமைய வேண்டும்? லினக்ஸ் கெர்னலில் உள்பிணைப்பும் மாட்யூலும்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலைத் தொகுப்பவர், வன்பொருளை இயக்கும் நிரல்களாகிய இயக்கிகளுள் பெரும்பாலானவற்றுக்கு மூன்று விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டியிருக்கிறது: ‘ஒய்’ என்றால் இயக்கி கெர்னல் படிமத்தோடு பிரிக்க முடியாதவாறு பிணைந்துவிடும், ‘எம்’ என்றால் மாட்யூல் எனப்படும் தனிக் கோப்பாக வட்டில் இருந்து, வேண்டும்போது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலுக்குள் ஏற்றப்படும், ‘என்’ என்றால் தொகுக்கப்படாமலே விடப்படும். முதலிரண்டுக்கும் இடையிலான தேர்வு வழக்கமாக வேகம், நினைவகச் சிக்கனம் ஆகியவற்றை வைத்தே பேசப்படுகிறது. உண்மையில் அதைத் தீர்மானிப்பவை வேறு இரண்டு: வன்பொருள் இன்னதென்று எவருக்கு எப்போது தெரியவருகிறது என்பதும், கெர்னலை மாற்றும் பொறுப்பு எவரிடம் இருக்கிறது என்பதும்.

வேகத்தைப் பற்றி நெடிது பேச ஒன்றுமில்லை. ஏற்றப்பட்ட மாட்யூல் கெர்னலின் முகவரி வெளியிலேயே, அதே அதிகாரத்தோடு இயங்குகிறது. அதனால், லினக்ஸ் எல்லாப் பகுதிகளும் ஒரே நிரலாக இயங்கும் ஒற்றைக்கல் அமைப்பு என்று 1992இல் கணினி அறிவியலாளர் ஆண்ட்ரூ டானன்பாம் எழுப்பிய ஆட்சேபம் மாட்யூல்கள் வந்த பிறகும் அப்படியே பொருந்துகிறது. மாட்யூலில் நேரும், நினைவகத்தில் தவறான இடத்தில் எழுதும் ஒரு பிழை, உள்பிணைந்த இயக்கியில் நேர்ந்தால் எப்படியோ அப்படியே முழுக் கெர்னலையும் சாய்த்துவிடும்.

பொது விநியோகங்கள் மாட்யூலை நாடுவதன் காரணம் வேறு. டெபியனையோ ஃபெடோராவையோ தொகுப்பவருக்கு, அது எந்தக் கணினியில் போய் அமரும் என்று தெரியாது. பிசிஐ இணைப்பில் உள்ள ஒவ்வொரு கருவியும் தன் தயாரிப்பாளர் எண்ணையும் கருவி எண்ணையும் தாங்கியிருக்கிறது. கெர்னல் இவ்வெண்களைக் கோத்து ஓர் அடையாளச் சரமாக வெளியிட, அதைக் கேட்கும் யூடெவ் என்ற சேவை, எந்த அடையாளத்துக்கு எந்த மாட்யூல் என்று முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்ட அட்டவணையின் துணையோடு உரிய கோப்பை ஏற்றச் செய்கிறது. தொகுப்பவர் அறியாததை, இயந்திரம் தொடக்க வேளையில் தானே அறிந்துகொள்கிறது.

இந்த ஒத்திவைப்புக்கு ஒரு விலை உண்டு. மூலக் கோப்பு முறைமை இருக்கும் வட்டைப் படிக்க வேண்டிய இயக்கியே அந்த வட்டில் கோப்பாகக் கிடந்தால், பூட்டிய பெட்டிக்குள் சாவி இருப்பது போலாகிவிடும். இதற்காகவே, கெர்னலோடு சேர்த்து நினைவகத்துக்கு வரும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு தற்காலிகக் கோப்புத் தொகுதியில் இன்றியமையாத மாட்யூல்கள் வைக்கப்படுகின்றன. உள்பிணைத்தால் இந்தச் சிக்கல் தீரும் என்பது பாதி உண்மையே. சில வரைகலை அட்டைகளின் இயக்கிகள், அட்டைக்குள் செலுத்த வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பை வட்டிலிருந்து கேட்கின்றன. உள்பிணைந்த இயக்கியோ மூலக் கோப்பு முறைமை ஏற்றப்படும் முன்பே கேட்டுவிட்டு, கிடைக்காமல் தோற்கிறது. அப்போது ஃபர்ம்வேரையும் படிமத்திலேயே புதைக்க வேண்டும், அல்லது விலக்க நினைத்த இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்கே திரும்ப வேண்டும்.

வன்பொருள் மாறாத கருவிகளில், மாட்யூல் ஏற்றும் வசதியையே நீக்கிவிட்டு அனைத்தையும் உள்பிணைப்பதற்குப் பாதுகாப்பு ஒரு வலுவான காரணம்: கெர்னலுக்குள் அயல் நிரல் நுழையும் வாசல் ஒன்று அடைபடுகிறது. கையொப்பமிட்ட மாட்யூல்களை மட்டும் ஏற்கும் வசதி 2012இல் வெளியான 3.7 பதிப்பிலிருந்து இருப்பதால், வாசலை அடைக்காமல் காவல் வைக்கவும் முடியும்.

இதுவரை சொன்னதிலிருந்து, வன்பொருளை முன்னறிந்தவர் உள்பிணைக்க வேண்டும், அறியாதவர் மாட்யூலாக்க வேண்டும் என்ற விதி கிடைப்பதாகத் தோன்றலாம். ஆண்ட்ராய்டு அதற்கு இணங்கவில்லை. ஒரு கைபேசியின் சிப்பு எது, திரை எது என்று அதைத் தயாரிப்பவருக்கு ஐயமின்றித் தெரியும், ஆயினும் 5.10 கெர்னலோடு ஆண்ட்ராய்டு 12இல் வெளிவந்த கருவிகள் முதற்கொண்டு, கூகுள் தொகுத்துத் தரும் பொதுக் கெர்னல் படிமம் ஒருபுறமும், தயாரிப்பாளரின் இயக்கிகள் மாட்யூல்களாக மறுபுறமும் பிரிக்கப்படுகின்றன. இங்கே மாட்யூல் என்பது அறியாமைக்கான ஏற்பாடன்று, பொறுப்பைப் பிரிக்கும் எல்லைக்கோடு. கெர்னலில் ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தால், தயாரிப்பாளரின் இயக்கிகளைத் தொடாமலே படிமத்தை மாற்ற முடிய வேண்டும். அதற்காக, மாட்யூல்கள் அழைக்கத்தக்க கெர்னல் செயற்கூறுகளின் பட்டியல் நிலைப்படுத்தப்படுகிறது. தொழிற்சாலையிலேயே பற்றவைக்கப்பட்டு, கழற்றவே முடியாத சேமிப்புச் சிப்பின் இயக்கிகூட அங்கே தற்காலிகத் தொகுதியிலிருந்து ஏற்றப்படும் மாட்யூலாக வருவது இதனால்தான்.