யார் இந்த 'சிஸ்டர்'?



டென்மார்க் ஆஸ்பத்திரிகளில் எங்களை யாரும் 'சிஸ்டர்' என்று கூப்பிடுவதில்லை. டாக்டரானாலும் நர்ஸானாலும் பேர் சொல்லித்தான் அழைப்பார்கள். ஊரில் நர்சிங் படித்துவிட்டு இங்கே வந்த எங்களுக்கு அது முதலில் ஒரு மாதிரியாக இருந்தது.

அந்த ஒரு ஆங்கில வார்த்தைக்குத்தான் எத்தனை பொருள்! வீட்டில் அக்காவும் சிஸ்டர், தங்கையும் சிஸ்டர். கான்வென்டில் கன்னியாஸ்திரி சிஸ்டர். சபையில் ஜெபிக்க எழுந்திருக்கும் அம்மாவும் சிஸ்டர். இங்கிலாந்து ஆஸ்பத்திரியில் வார்டு பொறுப்பாளர் மட்டுமே சிஸ்டர். நம் ஊரிலோ வெள்ளை உடுப்புப் போட்ட எல்லா நர்ஸும் சிஸ்டர்தான்.

மடங்களில் கன்னியாஸ்திரிகள் நோயாளிகளைப் பராமரித்த காலத்திலேயே இந்தப் பெயர் ஆஸ்பத்திரிக்குள் வந்துவிட்டது. புராட்டஸ்டன்ட் சபைகளில் இதற்குப் புது உயிர் கொடுத்தவர்கள் தியடோர் ஃபிளீட்னர் போதகரும் அவர் மனைவி ஃபிரிடெரிக்கேயும். 1836-ல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் ஊரில் பெண்களுக்கு நோயாளர் பராமரிப்பைக் கற்றுக்கொடுத்து, 'டீக்கனஸ்' என்னும் ஊழியத்தைத் தொடங்கினார்கள். 1851-ல் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அங்கேதான் வந்து பயின்றார்.

தரங்கம்பாடிக்கு மிஷனரிகளை அனுப்பிய டென்மார்க்குக்கு இந்த ஊழியம் 1863-ல் வந்தது. கோபன்ஹேகனில் லூயிஸ் அரசியின் முயற்சியால் டீக்கனஸ் இல்லம் உருவாயிற்று. அதன் முதல் தலைவி லூயிஸ் கான்ரிங். டென்மார்க்கின் முதல் பயிற்சி பெற்ற நர்ஸ் என்று அவரைச் சொல்வார்கள். அங்கிருந்த டீக்கனஸ்களை 'சகோதரி' என்றே அழைத்தார்கள்.

ஆனால் அந்தப் பெயருக்கு ஒரு விலை இருந்தது. டீக்கனஸ்களுக்குச் சம்பளம் கிடையாது. சாப்பாடு, உடுப்பு, தங்க இடம், கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம், முதுமையில் ஆதரவு, அவ்வளவுதான். கலியாணம் செய்தால் ஊழியத்தை விட வேண்டும். 'சகோதரி கூலி கேட்பாளா?' என்ற எண்ணம் இப்படித்தான் வேர்விட்டது. 1899-ல் டேனிஷ் நர்ஸுகள் தங்களுக்கென்று சங்கம் அமைத்தார்கள். 2021 கோடையில் சம்பளத்துக்காகச் சுமார் பத்து வாரம் வேலைநிறுத்தம் நடந்தது. கடைசியில் பாராளுமன்றம் சட்டம் போட்டு அதை முடித்தது. ஆண்கள் அதிகம் இருக்கும் வேலைகளைவிடத் தங்கள் வேலையை 1969-லேயே தாழ்வாக மதிப்பிட்டுவிட்டார்கள் என்பது நர்ஸுகளின் நீண்ட நாள் மனத்தாங்கல்.

அப்படியானால் அந்த வார்த்தை வேண்டாமா? ரோமர் 16-ஐத் திறந்து பாருங்கள். பெபேயாளைப் பவுல் சகோதரி என்கிறார்; கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி என்கிறார். அதோடு விடவில்லை. அவளுக்குத் தேவையானதில் உதவி செய்யுங்கள் என்று சபைக்குச் சொல்கிறார். சகோதரி என்று அழைத்தால் அழைக்கிறவருக்கும் கடமை உண்டு.

எங்கள் வார்டுக்கு எப்போதாவது தமிழ்ப் பாட்டி ஒருவர் வருவதுண்டு. இரவு இரண்டு மணிக்கு "சிஸ்டர், கொஞ்சம் தண்ணி" என்று கேட்கும்போது எங்களுக்குக் களைப்பு மறந்துபோகும். அடுத்த முறை ஒரு நர்ஸை 'சிஸ்டர்' என்று கூப்பிடும்போது, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.