வழிநடைப் பாத்தியம்: வீட்டோடு வரும் ஹக்கு

வீடு வாங்கும்போது தாய்ப்பத்திரத்தைப் பார்க்கிறோம். வில்லங்கச் சான்று எடுக்கிறோம். கிணற்று நீரைச் சுவைத்தும் பார்க்கிறோம். பின்கட்டு வழியாக அடுத்த வீட்டார் நடந்து போவதைக் கண்டால் மட்டும், "கிரயம் முடியட்டும், சுவர் எழுப்பிக்கொள்ளலாம்" என்று தரகர் சொல்லும் ஆறுதலை நம்பிவிடுகிறோம். அந்த நடைக்குப் பின்னால் நெடிய சட்ட வரலாறு இருக்கிறது.

மதீனாவில் நடந்த ஒரு கிரயத்தை ஸஹீஹுல் புகாரீ பதிவு செய்திருக்கிறது. நபி (ஸல்) அவர்களால் விடுதலை செய்யப்பட்ட அபூராஃபிஉ (ரலி) அவர்களுக்கு, ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களின் வளவுக்குள் இரண்டு அறைகள் இருந்தன. அவற்றை வாங்கிக்கொள்ளும்படி ஸஅத் அவர்களிடம் கேட்டார். ஸஅத் முதலில் மறுத்தார். உடனிருந்த மிஸ்வர் (ரலி) வற்புறுத்தவே, தவணையாக நாலாயிரம் திர்ஹத்துக்கு மேல் தர இயலாது என்றார். அபூராஃபிஉ அவர்களுக்கோ வெளியில் ஐந்நூறு தீனார் தர ஆள் இருந்தது. அக்கால மதிப்பில் அது ஐயாயிரம் திர்ஹத்துக்குக் குறையாது. ஆயினும், அருகில் இருப்பதால் அண்டை வீட்டாருக்கே முன்னுரிமை என்று நபியவர்கள் கூறக் கேட்டிருந்ததால், குறைந்த விலைக்கு, அதுவும் தவணைக்கு, ஸஅத் அவர்களுக்கே கொடுத்துவிட்டார்.

இந்த முன்னுரிமைக்கு ஷுஃப்ஆ என்று பெயர். இருவருக்கும் வழி ஒன்றாக இருந்தால், வெளியூர் சென்ற அண்டை வீட்டாருக்காகக் காத்திருக்க வேண்டும் என்று ஜாபிர் (ரலி) வழியாக அபூதாவூதிலும் திர்மிதீயிலும் ஓர் அறிவிப்பு உண்டு. இதனால் ஹனஃபி அறிஞர்கள், சொத்தில் கூட்டாளிக்கு அடுத்த இடத்தை வழியில் கூட்டாளிக்குக் கொடுத்தார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் இவ்வுரிமை சொத்தின் கூட்டாளியோடு நின்றுவிடுகிறது. சென்னை உயர்நீதிமன்றமோ 1870ஆம் ஆண்டிலேயே ஷுஃப்ஆவைச் சட்டமாக ஏற்க மறுத்துவிட்டது.

ஷுஃப்ஆ நீதிமன்றம் ஏறவில்லையே தவிர, நடந்துசெல்லும் உரிமை ஏறியது. ஃபிக்ஹு நூல்கள் அதை ஹக்குல் முரூர் என்கின்றன. உஸ்மானிய அரசில் அஹ்மத் ஜவ்தத் பாஷா தலைமையில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட மஜல்லா, வழியுரிமை உள்ளவரை நிலத்தின் சொந்தக்காரர் தடுக்க முடியாது என்றது. வெறும் அனுமதியின் பேரில் நடப்பவரானால் அந்த அனுமதியைத் திரும்பப் பெறலாம் என்றும் பிரித்துக் காட்டியது. நெடுங்கால வழக்கம் அப்படியே நிலைக்கும். ஆனால் தீங்கு எவ்வளவு பழையதானாலும் உரிமையாகாது.

சில ஆண்டுகளில், 1882இல், ஆங்கிலேய அரசு இயற்றிய ஈஸ்மெண்ட் சட்டம் தொடக்கத்திலேயே சென்னை மாகாணத்துக்கும் பொருந்தியது. இருபது ஆண்டுகள் பகிரங்கமாக, சண்டையின்றி, தடையின்றி, உரிமையோடு நடந்த வழிக்கு அது பாதுகாப்பு அளிக்கிறது. இவ்வுரிமை பத்திரத்தில் எழுதப்படாமலும் இருக்கலாம். அப்போது வில்லங்கச் சான்றில் அது தென்படாது. பாகப்பிரிவினையில் ஒரு பங்குக்கு வெளியேற வேறு வழியே இல்லாமல் போனால், அடுத்த பங்கின் ஊடே செல்லும் உரிமையையும் அதே சட்டம் தருகிறது. நம் குடும்பங்களுக்கு இது மிக நெருக்கமான சங்கதி. வாப்பா வஃபாத்தானபின் வீடு பிள்ளைகளுக்குப் பங்காகிறது; தெருவாசல் ஒருவருக்கும் பின்கட்டு இன்னொருவருக்கும் போகிறது. காக்காவும் தங்கச்சியும் இருந்தவரை யாரும் பாதையைப் பற்றிப் பேசவில்லை. முன்பங்கு அந்நியருக்கு விற்கப்படும்போதுதான் அது வழக்காகிறது. காயல்பட்டினத்தில் பெண்கள் தெருவுக்கு வராமல் வீட்டுக்கு வீடு சென்றுவந்த முடுக்குகளை அறிந்தவர்களுக்கு, ஒரு சுவர் எதையெல்லாம் அடைத்துவிடும் என்பது தெரியும்.

வழியுரிமை உள்ளவருக்கும் எல்லை உண்டு. ஸமுரா (ரலி) அவர்களுக்கு ஓர் அன்ஸாரியின் தோட்டத்துக்குள் பேரீச்ச மரம் இருந்தது என்றும், அவர் அதற்காக உள்ளே வந்துபோனது அக்குடும்பத்துக்குத் தொல்லையானது என்றும் அபூதாவூதில் வருகிறது. விற்கவோ, மாற்றிக்கொள்ளவோ, அன்பளிப்பாகத் தரவோ நபியவர்கள் சொல்லியும் அவர் இணங்கவில்லை. நீர் தீங்கிழைப்பவர் என்று அவரிடம் கூறிவிட்டு, மரத்தைப் பிடுங்கிவிடுமாறு அன்ஸாரிக்குக் கட்டளையிட்டார்கள். நடைபாதை உரிமையை வைத்துக்கொண்டு அடுத்தவர் முற்றத்தில் லாரி விடுவோர் இதையும் படிக்கலாம்.

ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன், விற்பவரிடம் மட்டுமன்றி அந்த வழியில் நடப்பவரிடமும் கேட்க வேண்டும்: எத்தனை ஆண்டுகளாக, உரிமையாகவா, யாரேனும் அனுமதித்ததாலா? பதிலில் இருவரும் ஒத்துப்போனால், வழியின் நீள அகலத்தை அளந்து கிரயப் பத்திரத்திலேயே எழுதிவிடலாம். பாதையின் அகலத்தில் தகராறு வந்தபோது நபியவர்கள் அதை ஏழு முழமாகத் தீர்த்துவைத்தார்கள். இன்றைய கணக்கில் பத்தடிக்குச் சற்று மேல். நம் தெருக்களில் பல பின்வழிகளுக்கு அதில் பாதிகூட இல்லை.