வராத வருமானத்துக்கு வந்த வரி

புலம்பெயர்ந்த நாடுகளில் கடை, வாடகை வண்டி, கணக்காளர் தொழில் என்று சொந்தமாகத் தொழில் புரியும் எம்மவர் பலருக்கு ஆண்டில் நான்கு திகதிகள் மனப்பாடம். கனடாவில் அவை மார்ச், ஜூன், செப்டெம்பர், டிசெம்பர் மாதங்களின் 15ஆம் திகதிகள். அமெரிக்காவில் ஏப்ரல், ஜூன், செப்டெம்பர் 15. நான்காவது தவணை மறு ஆண்டின் ஜனவரி 15. கணக்குப் புத்தகத்தை மூடும் முன்னரே, நடப்பு ஆண்டின் வருமான வரியைத் தவணை தவணையாகக் கட்ட வேண்டிய நாட்கள் இவை. "இன்னும் உழைக்காத பணத்துக்கு எப்படி ஐயா வரி கட்டுவது?" என்று நண்பர்கள் என்னிடம் கேட்டதுண்டு. நியாயமான கேள்விதான். இந்த ஏற்பாடு பிறந்த கதையை அறிந்தால் அதற்கு ஓரளவு விடை கிடைக்கும்.

அது இரண்டாம் உலகப் போர்க் காலம். 1913 முதல் அமெரிக்காவில் நடைமுறையிலிருந்த வருமான வரி, வசதி படைத்தோரின் வரியாகவே இருந்து வந்தது. ஓராண்டில் ஈட்டிய வருமானத்துக்கான வரியை அடுத்த ஆண்டில் நான்கு தவணைகளில் செலுத்தினார்கள். ஆகவே காலாண்டுத் தவணை அமெரிக்கருக்குப் புதிதன்று. ஆனால் கட்டியது போன ஆண்டின் கடனை.

போர்ச் செலவு இந்த ஒழுங்கைக் குலைத்தது. 1939இல் ஏறக்குறைய 40 இலட்சம் பேரே வரி செலுத்தினர். போர் முடியும் வேளையில் அத்தொகை 4 கோடியைத் தாண்டியது. தொழிற்சாலைத் தொழிலாளியும் வரி வலைக்குள் வந்தார். வரி கட்டுவது தேசக் கடமை என்று உணர்த்த, டொனால்ட் டக் வாத்தை வைத்து 1942இல் ஒரு கேலிச்சித்திரப் படத்தையே திறைசேரி தயாரிப்பித்தது. ஆயினும் ஒரு சிக்கல் எஞ்சியது. 1942இல் நல்ல சம்பளம் பெற்ற இளைஞர் ஒருவர் இராணுவத்தில் சேர்க்கப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணச் சிப்பாயின் மாதச் சம்பளம் 50 டொலர். அந்த 50 டொலரை வைத்துக்கொண்டு, கைக்கு வந்து செலவாகிப்போன முன்னைய சம்பளத்துக்கு அவர் வரி கட்ட வேண்டும்!

இதற்கு வழி சொன்னவர் பியர்ட்ஸ்லி ரம்ல். மேசீஸ் பல்பொருள் அங்காடியின் பொருளாளரான அவர், நியூயோர்க் பெடரல் ரிசேர்வ் வங்கியின் தலைவராகவும் இருந்தார். அவரது யோசனை எளிமையானது. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைப்பதைப்போல, வரிக் கடிகாரத்தையும் ஓராண்டு முன்தள்ளுவோம். இவ்வாண்டு கட்டுவதை இவ்வாண்டின் வரியாகவே கொள்வோம். அப்படியானால் போன ஆண்டின் வரி என்னாவது? அதை மன்னித்துவிட வேண்டும் என்றார் அவர். ஆண்டுதோறும் பணம் வந்துகொண்டே இருக்கும். திறைசேரிக்கு நட்டமில்லை என்பது அவரது வாதம்.

ஜனாதிபதி ரூஸ்வெல்ட் இதனை எதிர்த்தார். போர் இலாபத்தால் கொழுத்தவர்களே 1942இல் மிகப் பெரிய வரியைச் செலுத்த வேண்டியவர்கள். முழு மன்னிப்பு வழங்கினால் மிகப் பெரிய பரிசும் அவர்களுக்கே போய்ச் சேரும் அல்லவா? மாதக் கணக்கில் நீடித்த இழுபறிக்குப் பின்னர் சமரசம் பிறந்தது. இரண்டு ஆண்டுகளின் வரியில் குறைந்ததில் 75 சதவீதம் மன்னிக்கப்பட்டது. 1943 ஜூன் 9இல் ரூஸ்வெல்ட் சட்டத்தில் ஒப்பமிட்டார். ஜூலை 1 முதல் முதலாளிகள் சம்பளத்திலிருந்தே வரியைக் கழிக்கத் தொடங்கினர்.

சம்பளக்காரரின் பிரச்சினை தீர்ந்தது. வைத்தியர், வழக்கறிஞர், கடைக்காரர், விவசாயி ஆகியோரின் வரியைக் கழிப்பது யார்? அவர்களே தமது ஆண்டு வருமானத்தை மதிப்பிட்டுப் பிரகடனம் செய்து காலாண்டுதோறும் செலுத்த வேண்டும் என்றது சட்டம். மதிப்பீடு பிழைக்கும் என்பதையும் சட்டம் இயற்றியோர் அறிந்திருந்தனர். இறுதி வரியில் 80 சதவீதத்தை எட்டினால் தண்டம் இல்லை. மழையை நம்பிய விவசாயிக்கு மூன்றில் இரண்டு பங்கு போதும். இக்கதையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். இன்றைய அமெரிக்கச் சட்டம், நடப்பாண்டு வரியில் 90 சதவீதத்தை அல்லது முன்னைய ஆண்டு வரியின் முழுத்தொகையைக் கட்டியவருக்குத் தண்டம் விதிப்பதில்லை. வருமானம் ஒன்றரை இலட்சம் டொலரைத் தாண்டியவருக்கு மட்டும் பின்னையது 110 சதவீதம். எதிர்காலத்தை அறியாதவர் கடந்த ஆண்டைப் பிடித்துக்கொள்ளலாம்.

பிரித்தானியாவிலும் அதே வேளையில் மாற்றம் நிகழ்ந்தது. உழைக்கும்போதே செலுத்தும் வரித் திட்டத்தை வடிவமைத்தவர்களில் முதன்மையானவரான போல் சேம்பர்ஸ், அதற்கு முன்னர் இந்திய அரசின் வருமான வரி ஆலோசகராகப் பணியாற்றியவர். திட்டத்தை அறிவிக்கவிருந்த 1943 செப்டெம்பர் 21ஆம் நாளன்றே நிதியமைச்சர் கிங்ஸ்லி வூட் காலமானார். எனினும் 1944 ஏப்ரலில் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே 1944இல் இந்தியாவிலும் முற்பண வரி சட்டமாயிற்று. முன்னர் மதிப்பிடப்பட்ட வருமானத்தின்படி கட்டலாம். குறையுமென்று கருதினால் சொந்த மதிப்பீட்டைக் கொடுக்கலாம். முன்கூட்டிப் பெற்ற பணத்துக்கு அன்றைய அரசு ஆண்டுக்கு 2 சதவீத வட்டியும் கொடுத்தது!

இனி எமது நாட்டுக்கு வருவோம். இலங்கையில் வருமான வரி 1932ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்துடன் தொடங்கியது. முன்னைய ஆண்டின் வருமானமே அன்று அடிப்படை. பல சட்டங்கள் மாறி, 2018 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த உள்நாட்டு இறைவரிச் சட்டம், மதிப்பிட்ட வரிக் கூற்றொன்றை ஓகஸ்ட் 15க்குள் கேட்டது. ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15ஆம் திகதிகள் தவணை நாட்களாயின.

அதற்கடுத்து நிகழ்ந்ததுதான் கவலைக்குரியது. 2020 ஜனவரி 1 முதல் சம்பளத்திலிருந்து கட்டாயமாகக் கழிக்கும் வரி நீக்கப்பட்டது. வரிவிலக்கு எல்லையும் ஆண்டுக்கு 30 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. எஞ்சிய சம்பளக்காரரும் தாமே மதிப்பிட்டுத் தாமே கட்ட வேண்டியவர்களாயினர். 1943இல் வோஷிங்டன் பிரித்து வைத்த இரு சாராரையும் கொழும்பு ஒரே வரிசையில் நிறுத்தியது. கொரோனாவும் சேர்ந்துகொள்ள, வரி வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 10 சதவீதத்துக்கும் கீழே சென்றது. 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நாடு நிறுத்தியது. வரிக் குறைப்பு மட்டுமே அதற்குக் காரணமல்ல. ஆனால் பெரிய காரணங்களுள் அதுவும் ஒன்று என்பதை மறுப்பார் இல்லை. 2023 ஜனவரியில் கட்டாயக் கழிவு திரும்பி வந்தது, ஆண்டு வருமானம் 12 இலட்சத்தைத் தாண்டினாலே வரி என்ற கடுமையுடன். 2025 ஏப்ரலில்தான் அவ்வெல்லை 18 இலட்சமாகத் தளர்த்தப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் எரிபொருள் வரிசையிலும் எரிவாயு வரிசையிலும் நின்றவர்களில் பெரும்பாலானோர் வருமான வரியே கட்டும் அளவுக்கு உழைக்காதவர்கள்.

கழிக்கக்கூடிய இடத்தில் அரசு கழிக்க வேண்டும். கழிக்க முடியாத சிறு வணிகரிடமும் விவசாயியிடமும் மதிப்பீடு கேட்கும்போது, போன ஆண்டின் கணக்கை அவர்களுக்குப் பிடிமானமாகக் கொடுத்து, நேர்மையான பிழையைப் பொறுக்க வேண்டும். போர் நடுவிலும் இதைச் சட்டமாக்க ஒரு நாட்டால் முடிந்திருக்கிறது. அமைதிக் காலத்தில் எம்மாலும் முடிய வேண்டும்.