செவிப்பறைக்கு எந்த ஒட்டு: தசையுறையா, குருத்தெலும்பா?

துபாயின் தேராப் பகுதிக்குப் பழைய செல்வம் முத்து. 1930களில் ஜப்பானின் வளர்ப்பு முத்து சந்தையைப் பிடிக்கும்வரை, கோடை வந்தால் துபாய் ஓடைக்கரையிலிருந்து தோணிகள் முத்துக்குளிக்கப் புறப்படும். கடலுக்கடியில் பத்து மீட்டர் இறங்கினாலே அழுத்தம் இரு மடங்காகிவிடும். காதுக்குள் இருக்கும் காற்று அதற்கு ஈடுகொடுக்காவிட்டால் செவிப்பறை கிழியும். மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் எடுத்த நம் ஊர்க்காரர்களுக்கும் இது பழகிய வேதனைதான்.

இன்று தேராவின் நாயிஃபிலும் சப்காவிலும் அல் ரிகாவிலும் தங்கி வேலை பார்க்கும் தமிழர்களிடம் காது ஓட்டை வேறு வழியில் வருகிறது. சின்ன வயதில் சளியோடு ஒழுகத் தொடங்கிய காதை அப்படியே விட்டு, அந்த ஓட்டையோடு விமானம் ஏறியவர்கள் பலர். நாட்பட்டுக் காது ஒழுகும் நோய் மக்கள்தொகையில் 4 சதவீதத்துக்கும் மேல் இருக்கும் நாடுகளின் வரிசையில் உலகச் சுகாதார நிறுவனம் இந்தியாவை வைத்திருந்தது. அறை விழுந்தோ பட்ஸ் குத்தியோ புதிதாகக் கிழிந்த செவிப்பறை பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து மூன்று மாதங்களுக்குள் தானாக மூடிக்கொள்ளும். மூடாமல் நின்றுவிட்ட ஓட்டைக்குத்தான் அறுவை சிகிச்சை. அதில் இரண்டு ஒட்டுகள் போட்டியிடுகின்றன: பொட்டுத்தசையை மூடியிருக்கும் டெம்பொராலிஸ் ஃபேஷியா என்ற மெல்லிய தசையுறை ஒன்று, காது மடலிலிருந்து எடுக்கும் குருத்தெலும்பு மற்றொன்று.

இரண்டும் வந்த வழி

1640இல் மார்கஸ் பான்சர் தந்தக் குழாயின் முனையில் பன்றியின் சிறுநீர்ப்பைச் சவ்வைக் கட்டிக் காதுக்குள் வைத்துப் பார்த்தார். 1878இல் பெர்டோல்ட் தோலை ஒட்டினார். 1950களில் வுல்ஸ்டைனும் சோல்னரும் நடுக்காது அறுவை சிகிச்சைக்கு ஒழுங்கான முறை வகுத்தபோதும் தோல்தான் ஒட்டாக இருந்தது. ஆனால் தோல் தன் இயல்பின்படி செதில் உதிர்க்கும், அழற்சி வரும், ஒட்டுக்கு உட்புறம் தோல் வளர்ந்து கட்டியாகும். செதில் உதிர்க்காத திசு வேண்டும் என்ற தேடலில் 1960 வாக்கில் தசையுறையும், அதையொட்டிக் குருத்தெலும்பும் வந்தன. ஜெர்மனியின் ஹீர்மன் மருத்துவர்களின் பெயர் இரண்டின் வரலாற்றிலும் இருக்கிறது. ஆகவே இவை பழையதும் புதியதும் அல்ல. ஏறக்குறைய ஒரே வயதுடையவை.

எடுப்பதும் பிழைப்பதும்

இரண்டும் நோயாளியின் உடம்பிலிருந்தே எடுக்கப்படுவதால் உடல் அவற்றை அந்நியமாக நினைத்துத் தள்ளுவதில்லை. தசையுறை காதுக்கு மேலே, முடிக்கு உட்பட்ட இடத்தில் கிடைக்கிறது. காதுக்குப் பின்னால் போடும் அதே வெட்டின் வழியே வேண்டிய அளவு எடுக்கலாம். குருத்தெலும்பை, காதுத் துளைக்கு முன்னால் துருத்தியிருக்கும் சிறு மேட்டிலிருந்தோ மடலின் குழிந்த பகுதியிலிருந்தோ எடுப்பார்கள். ஓரத்தில் கொஞ்சம் விட்டுவைத்தால் காதின் தோற்றம் மாறாது.

புதிய இடத்துக்குப் போன ஒட்டுக்கு முதல் சில நாட்கள் இரத்த ஓட்டம் இல்லை. சுற்றிலும் கசியும் நீரிலிருந்தே அது உயிர் பிடிக்க வேண்டும். குருத்தெலும்பு பிறவியிலேயே அப்படி வாழ்ந்து பழகியது. அதனுள் இரத்தக் குழாய்கள் கிடையாது. பல ஆண்டுகள் கழிந்தும் வடிவம் கெடாமல் நிற்கிறது. தசையுறைக்கும் குறைந்த தீனி போதும். ஆனால் அது ஆறும்போது சுருங்கும், சில காதுகளில் மெலிந்துபோகும். எவ்வளவு சுருங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஓட்டை பெரிதாக இருந்தால் இந்தச் சுருக்கமே முன் ஓரத்தில் மறுபடி இடைவெளியைத் திறந்துவிடும்.

2017இல் வெளியான, பல ஆய்வுகளைத் தொகுத்த ஒரு பகுப்பாய்வில் குருத்தெலும்பு ஏறத்தாழ 92 சதவீதக் காதுகளிலும், தசையுறை 82 சதவீதக் காதுகளிலும் ஒட்டிப் பிடித்திருந்தது.

கேட்கும் திறன்

செவிப்பறையின் தடிமன் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதன் அதிரும் பரப்பு, உட்காதின் வாசலில் நிற்கும் அங்கவடி எலும்பின் அடித்தட்டைப்போல் சுமார் 17 மடங்கு. காற்றில் வரும் மெல்லிய ஒலி உட்காதின் திரவத்தை அசைக்கும் வலுவைப் பெறுவது பெரும்பாலும் இந்த வித்தியாசத்தால்தான். மெல்லிய தசையுறை செவிப்பறைபோல அதிரும், தடித்த குருத்தெலும்பு ஒலியைத் தடுக்கும் என்று நெடுநாள் அஞ்சியது இதனால்தான்.

அந்த அச்சம் பெருமளவு நீங்கிவிட்டது. மேலே சொன்ன பகுப்பாய்வில் இரு பிரிவினரின் கேட்கும் திறனிலும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தெரியவில்லை. குருத்தெலும்பைச் சீவி மெலிதாக்கினால் ஒலியிழப்பு குறையும். சோதனைக்கூட அளவீடுகள் செய்த சானர்ட் குழு 2000இல், அரை மில்லிமீட்டர் தடிமன் உறுதிக்கும் ஒலிக்கும் ஒத்துப்போகும் என்று காட்டியது. மெலிதாகச் சீவ முடியாத இடத்தில், குருத்தெலும்பை நீளக் கீற்றுகளாக வெட்டி மூங்கில் தட்டிபோல அடுத்தடுத்து நிறுத்துவதும் உண்டு.

பின்னால் பார்க்க வேண்டியது

தசையுறையின் பெரிய பலம் இங்கேதான். ஆறிய பிறகு அதன் வழியே ஓரளவு உள்ளே பார்க்கலாம். நடுக்காதில் நீர் கோத்திருக்கிறதா, தோல்கட்டி வளர்கிறதா என்று மருத்துவரின் கண்ணுக்குத் தட்டுப்படும். குருத்தெலும்பு ஒளி புகாதது. அதன் பின்னால் வளரும் நோய் நெடுநாள் மறைந்திருக்கலாம். நடுக்காது அழுத்தத்தை அளக்கும் டிம்பனோமெட்ரி பரிசோதனையும் அப்போது முழுத் தெளிவு தராது. தோல்கட்டியை அகற்றிய காதில் குருத்தெலும்பு வைத்தால் தொடர்ந்து போய்க் காட்டியே ஆக வேண்டும்.

தேராவில் வேலை பார்ப்பவருக்கு இந்த இடம்தான் கனமானது. அமீரகச் சட்டப்படி ஆண்டு விடுப்பு 30 நாள். ஊருக்கு வந்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கட்டணமின்றிச் செய்துகொண்டு திரும்பிவிடலாம் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் ஒட்டு பிடிக்கவே சில வாரங்கள் ஆகும். அதுவரை விமானத்தின் அழுத்த மாற்றம், பாரம் தூக்குவது, அழுத்தித் தும்முவது, காதில் தண்ணீர் படுவது எல்லாமே ஆகாது. கேட்கும் சோதனை பெரும்பாலும் மூன்றாவது மாதத்தில். விடுப்புக்குள் இவ்வளவும் அடங்காது. துபாயில் 2013ஆம் ஆண்டின் 11ஆம் எண் சட்டம் ஊழியரின் மருத்துவக் காப்பீட்டை முதலாளியின் கடமையாக்கியிருக்கிறது. அல் பராஹாவில் 1983இல் திறந்த துபாய் மருத்துவமனை தேராவுக்குள்ளேயே இருக்கிறது. எங்கே செய்துகொள்வது என்பதை முடிவுசெய்யும் முன், காப்பீட்டு அட்டையில் இந்தச் சிகிச்சை சேருமா என்று கேட்டுவிடுவது நல்லது. வெட்டிய மருத்துவரே மூன்றாம் மாதமும் ஓராண்டிலும் பார்க்க முடிவது, எந்த ஒட்டு என்ற கேள்விக்கு இணையான முக்கியம்.

எந்தக் காதுக்கு எது

ஓட்டை சிறிது அல்லது நடுத்தரம், சில மாதமாக ஒழுகாமல் காய்ந்திருக்கிறது, மூக்கிலிருந்து நடுக்காதுக்குப் போகும் யூஸ்டேக்கியன் குழாய் நன்றாக வேலை செய்கிறது என்றால் தசையுறை போதும். அறுவை எளிது, பார்வைக்கும் தடையில்லை. செவிப்பறை முழுதும் போனது, ஒருமுறை ஒட்டித் தோற்றது, ஒழுகிக்கொண்டே இருப்பது, குழாய் அடைத்துச் செவிப்பறை உள்ளே இழுக்கப்படுவது: இத்தகைய காதுக்குக் குருத்தெலும்பே பொருத்தம். அங்கே தசையுறை வைத்தால் அதே உள்ளிழுப்பு ஒட்டையும் கவ்விக்கொள்ளும். இடையில் ஒரு வழியும் இருக்கிறது. 1998இல் ஈவி அறிமுகப்படுத்திய பட்டாம்பூச்சி முறையில், சிறு ஓட்டையின் விளிம்பில் குருத்தெலும்புத் துண்டைக் காதுத் துளை வழியாகவே பொருத்துகிறார்கள்.

92, 82 என்ற எண்களை மட்டும் பார்த்துக் குருத்தெலும்பே சிறந்தது என்று தீர்ப்புச் சொல்வது தவறு. கடினமான காதுகளில் குருத்தெலும்பு தாங்குகிறது. எளிய காதுகளில் தசையுறையே பணியை முடிக்கிறது. அதனால் அறுவைக்குப் போகிறவர் மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேட்கட்டும்: என் ஓட்டை எவ்வளவு பெரிது? என் யூஸ்டேக்கியன் குழாய் எப்படி இருக்கிறது? இந்த ஒட்டை வைத்தால் பின்னால் எத்தனை தடவை வந்து காட்ட வேண்டும்? மூன்றாவதற்கான பதிலுக்குத் தன் வேலையும் விடுப்பும் இடம் கொடுக்குமா என்று பார்த்துவிட்டு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடட்டும்.